தைக்காமல் விட்ட புண்

11 ஆகஸ்ட் 1987, செவ்வாய்
புதிதாக வந்திருக்கும் எலும்பு டாக்டர் நாராயணப்பன், ஆபரேஷன் தியேட்டரில் எப்போதும் ஒரு லிட்டர் சலைன் பாட்டில் பன்னிரண்டு இருக்க வேண்டும் என்கிறார். எதற்கு இவ்வளவு?

12 ஆகஸ்ட்
தெரிந்துவிட்டது. திம்மராயன், சிப்காட்டில் டிரில்லிங் மெஷின் ஓட்டுபவர். வேலைக்கு சைக்கிளில் போனவரின் இடது காலில் லாரி ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே, சேறு, கிரீஸ். எக்ஸ்ரேக்கு முன்பே ஆன்டிபயாடிக் ஊசி போடச் சொன்னார் டாக்டர். தியேட்டரில் ஒன்பது லிட்டர் சலைன் ஊற்றிக் கழுவினோம். பிறகு சதையை இடுக்கியால் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தார். துடித்ததை விட்டார், துடிக்காததை வெட்டினார். எலும்பை வெளியிலிருந்தே கம்பிகளால் பிடித்து நிறுத்தினார்.
"சார், தையல்?"
"இன்னிக்கி வேண்டாம், பவளம் சிஸ்டர்."
திறந்தா விடுவது?

13 ஆகஸ்ட்
கேட்டேவிட்டேன். "செத்த சதைய உள்ள வெச்சு மூடினா கிருமிக்குச் சோறு போட்டுக் கதவச் சாத்தற மாதிரி" என்றார்.
போன வருஷம் இதே மாதிரி கால் உடைந்து வந்தவர் கங்கப்பன். அன்றே தைத்து மாவுக்கட்டு போட்டோம். எவ்வளவு அழகான தையல் என்று நினைத்தேன். நாலாம் நாள் நாற்றம். காலைத் தொடை வரை எடுத்தார்கள் — அது விதி என்றல்லவா இருந்தேன்?

14 ஆகஸ்ட், காலை
திம்மராயன் மனைவி நஞ்சம்மா கார் கொண்டுவந்துவிட்டாள், கட்டு வைத்தியரிடம் கூட்டிப்போக. "மாட்டுக்குக்கூட தைக்கறாங்க. எம் புருசன இப்பிடித் தொறந்து போட்டிருக்கீங்களே?"
யாரிடமும் சொல்லாத கங்கப்பன் கதையை அவளிடம் சொன்னேன். காரைத் திருப்பி அனுப்பினாள். "சரிம்மா. ரெண்டு நாளு பாக்கறேன்."

மாலை
மறுபடி திறந்து கழுவினோம். அன்று துடித்த சதையில் ஒரு துண்டு இன்று கறுத்திருந்தது. வெட்டினார். மூடியிருந்தால் இது உள்ளேயே...

17 ஆகஸ்ட்
கட்டு பிரித்ததும் குனிந்து மோந்து பார்த்தேன். இரண்டு தடவை. ஒன்றுமில்லை. புண் முழுக்கச் சிவப்பாக, ஈரமாக, உயிரோடு. நாளை மறுநாள் தொடைத் தோலை எடுத்து மூடுவாராம்.

25 ஆகஸ்ட்
ஒட்டிய தோல் பிடித்துவிட்டது. காய்ச்சல் இல்லை.

9 ஜனவரி 1988, சனி
எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்கிறது. இன்று கம்பிகளைக் கழற்றினோம். ஊன்றுகோலோடு நிறுத்தி, இடது பாதத்தைத் தரையில் வைக்கச் சொன்னார் டாக்டர். திம்மராயன் வைத்தார். நஞ்சம்மா வலிக்குதா என்று கேட்டாள்.
"இல்ல," என்றார். "தரை சில்லுனு இருக்குது."