புகை எந்தப் பக்கம்

ஐப்பசி, ஞாயிறு இரவு. தாயில்பட்டி.

கண்ணை மூடினால் நேற்றைய கால்பந்து ஆட்டம்தான் வருகிறது. மைதானமே தண்ணீருக்குள் கிடப்பது போல மெல்ல அசைகிறது. எதிரணிப் பெண் பந்தோடு என்னை நோக்கி வருகிறாள். கூட்டத்தில் யாரோ ஒரு அணுகுண்டு வெடி போடுகிறார்கள். நான் வானத்தைப் பார்க்கிறேன். அவள் என்னைத் தாண்டிப் போய் கோல் போடுகிறாள்.

"டிஃபென்ஸ்ல நின்னுக்கிட்டு மேல என்ன பார்த்த?" என்று கோச் கேட்டார். வெயில் கண்ணில் பட்டது என்றேன். அடுத்த சீசனுக்கு என்னை வைத்துக்கொள்வார்களா, தெரியவில்லை.

எங்கள் ஊரில் பெரிய சத்தம் கேட்டால் எல்லோரும் தெருவுக்கு வந்து புகை எந்தப் பக்கம் என்று பார்ப்போம். ஊரைச் சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள்; அம்மா வேலை பார்ப்பது மேற்கே இருக்கிறது. புகை கிழக்கே என்றால் எனக்கு மூச்சு வரும். பிறகு அப்படி மூச்சு விட்டதற்கு வெட்கமாக இருக்கும். இதைக் கோச்சிடம் எப்படிச் சொல்வது?

நேற்று ஆட்டம் நடந்தபோது அம்மா கம்பெனியில் இருந்தாள்; உள்ளே போன் கொண்டுபோக முடியாது என்பதால், இன்றைக்குத்தான் என் போனில் ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்தாள். வெடிச் சத்தம் வந்ததும், "ஏ புள்ள, அந்த எடத்த திரும்பப் போடு" என்றாள். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாள்.

"என்னம்மா தேடுற?"

"பொகை எந்தப் பக்கம்னு பாக்குறேன். வீடியோ எடுத்தவன் காட்டவே மாட்டேங்கான்."

இப்போது எங்கோ தூரத்தில் ஒரு வெடி. அம்மா என் பக்கத்தில்தான் தூங்குகிறாள். ஆனாலும் ஜன்னலுக்குப் போனேன். இருட்டில் புகை தெரியவில்லை.