சிரித்த முகமாய்க் கொடுப்பது

8 ஜனவரி 1978, ஞாயிறு

ஞாயிறு வகுப்புக்கு இருபத்திரண்டு பிள்ளைகள். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி அறுப்புப் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் சபைப் போதகர் ஐயர் கூப்பிட்டார். "டீச்சரம்மா, போன வருஷம் பிள்ளைங்க காணிக்கை வைக்கறப்போ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வந்துதுங்க. ஒண்ணு கத்திரிக்காயக் குடுத்துட்டுத் திரும்பப் புடுங்கிக்கிச்சி. இந்த வருஷம் உற்சாகமா குடுக்கக் கத்துக்குடுங்க" என்றார். சரிங்கய்யா என்று வந்துவிட்டேன்.

உற்சாகத்தை எப்படிக் கற்றுக்கொடுப்பது? வாய்ப்பாடு என்றால் கற்றுக்கொடுத்துவிடுவேன். அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

10 ஜனவரி, செவ்வாய்

ஆரணியிலிருந்து இவருடைய அண்ணன் கடிதம் போட்டிருக்கிறார். இவர் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னவாம் என்றேன். "அப்புறம் சொல்றேன்" என்றார். அப்புறம் என்றால் எனக்குப் பிடிக்காத சங்கதி.

11 ஜனவரி

சொல்லிவிட்டார். கிருபாவைக் கேட்கிறார்கள்.

அண்ணனுக்கும் ராணியம்மாள் அக்காவுக்கும் கல்யாணமாகிப் பதினாறு வருடம், பிள்ளை இல்லை. எங்களுக்கு இரண்டு பெண்கள். சலோமிக்கு ஒன்பது, கிருபாவுக்கு ஆறு. சின்னவளை அவர்கள் பிள்ளையாகவே வளர்க்கிறார்களாம். தாய் தகப்பன் இல்லாத இவரை வளர்த்துப் படிக்க வைத்தது அண்ணன்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. "இதுவரைக்கும் வாயத் தொறந்து ஒண்ணும் கேட்டதில்ல அவரு" என்கிறார் இவர். நான் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்துவிட்டது. துடைத்தேன்.

15 ஜனவரி, ஞாயிறு

பிள்ளைகளுக்குப் பயிற்சி ஆரம்பித்தேன். ஆளுக்கு ஒரு உடைந்த செங்கல். அதுதான் பூசணிக்காய், அதுதான் வாழைத்தார். வரிசையாக வர வேண்டும், இரண்டு கையாலும் பாயில் வைக்க வேண்டும், பல் தெரியச் சிரிக்க வேண்டும். சிரிக்காதவர்கள் திரும்பப் போய் முதலிலிருந்து வர வேண்டும். கிருபாதான் வகுப்பிலேயே நன்றாகச் செய்தாள். மேல்வரிசையில் இரண்டு பல் விழுந்திருக்கிறது, அந்த ஓட்டை தெரியச் சிரிக்கிறாள். ஐயர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.



19 ஜனவரி

பள்ளிக்கூடத்தில் திரௌபதி டீச்சரிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது? சபையில் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "இன்னா பதில் சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. கடவுளுக்குக் குடுக்கற மாதிரின்னு நெனச்சுக்கோங்கறாரு."

"உங்க சாமி கேட்டுதா, உன் மச்சாண்டாரு கேட்டாரா? அத மொதல்ல தெரிஞ்சிக்க" என்றாள். கை கழுவப் போய்விட்டாள். கோபமாக வந்தது எனக்கு, அவள் மேல்தான்.

22 ஜனவரி, ஞாயிறு

"மிச்சம் மீதியக் கொண்டாரக் கூடாது. உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எதுவோ அதைத்தான் குடுக்கணும். குடுக்கும்போது அழக் கூடாது" என்று இன்று பாடம் நடத்தினேன். நன்றாகத்தான் நடத்தினேன். மணியம்மாளின் பேத்தி தன் கோழிக்குஞ்சைக் கொண்டுவருவதாகச் சொன்னது. எல்லாரையும் கைதட்டச் சொன்னேன்.

24 ஜனவரி

பௌர்ணமி. மலை சுற்ற வந்த கூட்டம், பஸ்ஸில் நிற்க இடமில்லை. கிருபாவை இடுப்பில் தூக்கிக்கொண்டே வந்தேன், கனக்கிறாள். காதோடு கேட்டாள். "அம்மா, உனக்கு ரொம்பப் புடிச்சது எது?"

"நீதான்டி. நீயும் அக்காவும்."

"ரெண்டுல ஒண்ணு சொல்லு."

சலோமி கூட இல்லை, அந்தத் தைரியத்தில் "நீ" என்றேன். தோளில் சாய்ந்துகொண்டாள்.

29 ஜனவரி, ஞாயிறு

இன்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் உற்சாகமா குடு, சிரிச்சிக்கிட்டே குடுன்னு பாடம் நடத்தறே. உனக்குன்னு வந்தா வலிக்குதா?"

கத்தியிருந்தாலாவது திரும்பக் கத்தியிருப்பேன். அமைதியாகச் சொன்னார். அவருக்கும் தூக்கமில்லை, கண் சிவந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் இன்னும் குழம்பிவிட்டேன். "சரி, பண்டிகைக்கு வரட்டும். பேசலாம்" என்றேன்.

பேசலாம் என்றேன். சரி என்று சொல்லவில்லையே? சொல்லவில்லை. ஆனால் இவர் உடனே கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார்.

3 பிப்ரவரி

கிருபாவுக்கு இரண்டு கவுன் தைக்கக் கொடுத்தேன். எதற்கு இரண்டு? தையற்காரர் கேட்டார், "பண்டிகைக்கு ஒண்ணு போதாதாம்மா?" என்று. அளவுச் சட்டையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

7 பிப்ரவரி

என்னதான் செய்துகொண்டிருக்கிறேன் நான்? வகுப்பில் மரியாதையாக இருக்க வேண்டும் என்பதற்காகவா? ஐயர் என்ன நினைப்பார், சபை என்ன நினைக்கும் என்றா? அங்கே அவளுக்கு ஒரு குறையும் இருக்காது, அக்கா நல்லவர். நல்லவர் என்பதுதான் பெரிய கஷ்டம். கெட்டவராக இருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும்.

12 பிப்ரவரி, ஞாயிறு

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

அண்ணனும் அக்காவும் காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். அக்கா கையில் ஒரு புது டிரங்குப் பெட்டி, காலியாக. கோயிலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிள்ளைகள் வரிசையாக வந்து, வைத்து, சிரித்துவிட்டுப் போனார்கள். கிருபா மட்டும் வெறுங்கையோடு வந்தாள். நான் கொடுத்த வாழைப்பழம் எங்கே போனது என்று பார்த்தேன். மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் காணிக்கைப் பொருட்களின் ஏலம். பாய் நிறையப் பூசணி, கரும்பு, மல்லாட்டைக் கடலை மூட்டை, கால் கட்டிய கோழிகள். நடுவில் கிருபா உட்கார்ந்திருந்தாள். புதுக் கவுனோடு, சம்மணம் போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதை எழுதித்தான் ஆக வேண்டும். ஏலம் விடுகிற காரியதரிசி வேடிக்கையாக, "ஒரு பொம்பளப் பிள்ள, ஆறு வயசு, யாரு கேக்கறீங்க?" என்றார். கூட்டத்திலிருந்து இவருடைய அண்ணன் சந்தோஷமாகக் கையைத் தூக்கினார். "நான் கேக்கறேன்." காரியதரிசி, "ஒரு தரம்" என்றார். கிருபா என்னைத் தேடிப் பார்த்தாள். சிரிப்பு மாறவில்லை. ஆனால் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் பாய் நனைந்து, ஈரம் மல்லாட்டை மூட்டை வரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

"ரெண்டு தரம்—"

எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. கோழியை மிதித்துவிட்டேன் போலிருக்கிறது. அவளைத் தூக்கிக்கொண்டேன், என் புடவையெல்லாம் நனைந்தது. "குடுக்க மாட்டேன்" என்றேன். "என் பிள்ளைய நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். யாரு இன்னா வேணும்னா நெனச்சிக்கிங்க."

அதுவரைக்கும் சிரித்த முகத்தோடு இருந்தவள் காதில் சொன்னாள். "நான் அழவே இல்லம்மா."

இவருக்கும் எனக்கும் நடந்த பேச்செல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. ரொம்பப் பிடித்ததைத்தான் கொடுக்க வேண்டும் என்று பாடம் நடத்தியது யார்? நான்தானே? எனக்கு ரொம்பப் பிடித்தது அவள்தான் என்று பஸ்ஸில் சொன்னதும் நான்தானே? பாவி. நான் வாங்கிய கைதட்டல் எல்லாம் என் பிள்ளையின் தலையில் விடிந்தது.

13 பிப்ரவரி

அண்ணனும் அக்காவும் நேற்றே போய்விட்டார்கள். பெட்டி இங்கேயே இருக்கிறது. இவர் என்னோடு பேசவில்லை.

16 பிப்ரவரி

பேசினார். உப்பு கம்மி என்றார். அப்புறம், "அண்ணன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" என்றார். "நாலு பேருக்கு முன்னாடி சொன்னது தப்புதாங்க. சொன்னது தப்பு இல்ல" என்றேன். எழுந்து போய்விட்டார். போகும்போது தூங்கிக்கொண்டிருந்த கிருபாவின் போர்வையைச் சரிசெய்துவிட்டுத்தான் போனார்.

19 பிப்ரவரி, ஞாயிறு

வகுப்பை இனி வேறு யாராவது எடுக்கட்டும் என்று ஐயரிடம் சொன்னேன். அவர் விடவில்லை. "எம்மேலயும் தப்பு இருக்கு டீச்சரம்மா. சிரிக்க வையுங்கன்னு சொன்னதே நான்தான்" என்றார். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். பெரிய மனிதர் ஒருவர் தப்பை ஒத்துக்கொண்டால் நமக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போய்விடுகிறது.

பிள்ளைகளிடம், "குடுக்க மனசு வரலன்னா டீச்சர்கிட்ட வந்து சொல்லுங்க. திட்ட மாட்டேன்" என்றேன். மணியம்மாளின் பேத்தி உடனே எழுந்து கோழிக்குஞ்சைத் திரும்பக் கேட்டது. ஏலத்தில் எடுத்தவர் வீட்டுக்கு நானே போய் அசடு வழியக் கேட்டு வாங்கி வந்தேன்.

9 மார்ச்

ஆரணிக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் கிழித்துவிட்டேன். மன்னிப்பு கேட்டால், அப்படியானால் கொடு என்பார்களோ? பயம்தான்.

22 ஏப்ரல்

ராணியம்மாள் அக்காவே எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு எழுத வைத்திருக்கிறார். "தங்கச்சி, எனக்கு உன்மேல் கோபம் இல்லை. அன்றைக்குப் பிள்ளை பயந்ததை நானும் பார்த்தேன். லீவுக்கு ரெண்டு பேரையும் அனுப்பு. பத்து நாளில் நானே கொண்டுவந்து விடுகிறேன்."

ஆறு தடவை படித்தேன். ஏழாவது தடவை இவர் பிடுங்கிக்கொண்டார்.

30 ஏப்ரல், ஞாயிறு

கிருபாவைக் கேட்டேன். "உனக்கு இஷ்டம் இருந்தா மட்டும்" என்று முதலிலேயே சொன்னேன். விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள். "சலோமி அக்கா வந்தா போறேன். பத்து நாளுன்னா எத்தினி ஞாயித்துக்கெழம?"

ஒன்றுதான் என்றேன்.

4 மே

அனுப்பிவிட்டேன். இவர் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வீடு சகிக்கவில்லை. சுத்தமாக இருக்கிறது, அதனால்தான்.

14 மே, ஞாயிறு

அக்கா சொன்னபடி கொண்டுவந்துவிட்டார். காலையிலிருந்தே பஸ் ஸ்டாண்டில் நின்றேன். நாலு ஆரணி பஸ் வந்து போனது. ஐந்தாவதில் வந்தார்கள். சலோமி ஓடிவந்துவிட்டாள். அக்கா கிருபாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். அந்தக் கையை என் கையில் வைத்தார். வைத்த பிறகும் விடவில்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிகிறது, துடைக்கவும் இல்லை. ஜனங்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் அவசரப்படுத்தவில்லை. அவராக விட்டார்.

"நாலு நாளு இருந்துட்டுப் போங்கக்கா" என்றேன். இது எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை.

இருக்கிறார். இதோ, உள்ளே கிருபாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறார். ரொம்ப இறுக்கிப் பின்னுகிறார், எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லவில்லை.