பாஸ்கருக்குச் சர்க்கரை இல்லை

செவ்வாய்க்கிழமை, இரவு

எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் இன்று மெடிக்கல் கேம்ப். சிறுநீர் சோதனை என் பொறுப்பு. கிரேன் ஓட்டும் பாஸ்கரின் கப்பில் ஸ்ட்ரிப்பை நனைத்ததும் சர்க்கரைக் கட்டம் கரும்பழுப்பானது.

"எனக்கு சுகரே கெடையாது சிஸ்டர். இன்னொரு வாட்டி பாரு," என்றார்.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. தள்ளுங்க," என்றேன். வரிசையே சிரித்தது. சர்க்கரை உள்ளவர் கிரேன் ஓட்டக்கூடாது என்று, யார்டுக்காரர்கள் உடனே அவரைக் கிரேனிலிருந்து எடுத்து மூட்டை தூக்கப் போட்டார்கள்.

அடுத்த மூன்று பேருக்கும் அதே நிறம் வந்த பிறகுதான் கப்பை முகர்ந்தேன். பிளீச்சிங் பவுடர் வாடை. பழைய கப்புகளை ஆயா அதில் கழுவியிருக்கிறாள். அதே கப்பில் வெறும் தண்ணீரை ஊற்றி ஸ்ட்ரிப்பை நனைத்துப் பார்த்தேன். தண்ணீருக்கும் சர்க்கரை காட்டியது.

மூன்று பேருக்கும் புதுக் கப் கொடுத்தேன். யாருக்கும் ஒன்றுமில்லை. பாஸ்கரைப் பற்றி டாக்டரிடம் சொன்னேன்.

"அவர் ரிப்போர்ட் கம்பெனிக்குப் போயிடுச்சு. இப்ப தப்புன்னு சொன்னா அடுத்த கேம்ப் நமக்குக் கிடைக்காது. சும்மா இரும்மா," என்றார்.

சாயங்காலம் திருவொற்றியூர் பஸ் ஸ்டாப்பில் பாஸ்கரே என்னிடம் வந்தார். கையில் மருந்துக்கடைக் கவர்.

"காலைல பேஜாரு பண்ட்டேன், மன்ச்சுக்க சிஸ்டர். பக்கத்து வூட்டுக்காரரு போடுற சுகர் மாத்திரையவே வாங்கிகினேன். நல்ல வேள, நீ கண்டுபுட்ச்ச."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"விடாம போடுங்கண்ணா," என்றேன்.

பஸ் வந்ததும் ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அங்கேயே நின்று ஒரு மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தார்.