தொட்டில் பக்கத்துக் கண்ணாடி

1961 ஜூன் 19, திங்கள்

காலையிலிருந்து மேல்காற்று. தெருவெல்லாம் கரிசல் புழுதி. எட்டாம் வகுப்புக்குச் சுண்ணாம்பு நீர் சோதனை பாக்கி. குடை கம்பி மாற்றணும்.

பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை. ஐந்து மாதம்தான் ஆகிறது. இருமி முடித்தால் அழக்கூட மூச்சு இல்லை. எல்லாம் பின்சுவரை ஒட்டிய தீப்பெட்டி ஆபீஸால். அங்கே தீக்குச்சி மருந்து அரைத்தால் இங்கே கந்தக நெடி. நேற்று சமையல்கட்டு ஜன்னலைப் பலகை வைத்து அடித்துவிட்டேன். செண்பகம் தன் பங்குக்கு, வீட்டுக் காற்று சுத்தமாகட்டும் என்று மூன்று வேளையும் தொட்டிலுக்குச் சாம்பிராணி காட்டுகிறாள். நல்லதுதான்.

ஜூன் 20, செவ்வாய்

தீப்பெட்டி ஆபீஸுக்கே போய்ச் சண்டை. கணக்கப்பிள்ளைக்குச் சிரிப்பு.

"சார்வாள், ரயில் எஞ்சின் விடுத புகைய யாருட்டப் போய்ச் சொல்லுவீங்க? எங்க தூசின்னு ரூபிச்சுக் காட்டுங்க, பொறவு பேசுவோம்."

காட்டுகிறேன் ஐயா. சயன்ஸ் வாத்தியாரிடமா சவால்?

பள்ளிக்கூடத்துக் கண்ணாடிச் சில்லு நாலு. விளக்கெண்ணெய் தடவி வைத்த இடங்கள்:

1. பின்சுவர் மேல்
2. ஸ்டேஷன் பக்கம், டிராயிங் மாஸ்டர் வீட்டு மாடி
3. தெருவாசல்
4. தொட்டில் பக்கம் (சுத்தக் காற்று, மற்றதோடு ஒப்பிட)

ஜூன் 22, வியாழன்

மைக்ராஸ்கோப்பில் பார்த்தாயிற்று.

1 – மஞ்சள் துணுக்கு, கந்தகம். மினுமினுப்பு, கண்ணாடித் தூள். நான் சொன்னதேதான்.
2 – நிலக்கரிச் சில்லு, சாம்பல்.
3 – மண், பஞ்சு நூல்.
4 – லென்ஸில்தான் கோளாறு என்று துடைத்தேன். மறுபடி பார்த்தேன். ஒரே கறுப்பு. பொடியிலும் பொடி, மை தடவின மாதிரி. நாலில் ஆகக் கறுத்தது இதுதான்.

முகர்ந்தேன். சாம்பிராணி. அடியில், அடுப்பெரிக்கும் பருத்திமார்க் குச்சியின் புகை. ஐயோ. மற்றதெல்லாம் கனத்த தூசி, பாதி மூக்கோடு நின்றுவிடும். இது நிற்காது, நெஞ்சுக்குள் போகும். புகை வெளியேற வழியில்லாமல் ஜன்னலையும் அடைத்து வைத்திருக்கிறேனே.

செண்பகத்திடம் சொன்னேன். கையில் தூபக்காலோடு திரும்பினாள்.

"என்ன சொல்லுதீங்க? எம்புள்ளைக்கு நானா?"

"ஜன்னலை அடைச்சது நான்" என்றேன். காதில் வாங்கவே இல்லை.

ஜூன் 23, வெள்ளி

விடிந்ததும் பலகையைப் பிடுங்கினேன். சாம்பிராணி கிடையாது. இருமல் கொஞ்சம் குறைவு.

வழியில் கணக்கப்பிள்ளை. "என்ன சார்வாள், ரூபிச்சாச்சா?" குடையைத் தாழ்த்திக்கொண்டு நடையை எட்டிப் போட்டேன். வெட்கம். 

மத்தியானம் சாப்பிட வந்தால், பின்னால் மருந்து அரைக்கிறார்கள். நெடி ஜன்னல் வழியே நேரே உள்ளே. அடுப்பில் பருத்திமார், பாதி வெந்த சோறு, வீடு முழுக்கப் புகை. மறுபடியும் இருமல், பிள்ளையின் உதடு கறுத்துப்போயிற்று. செண்பகம் இடுப்பில் அவனும், ஒரு கை ஜன்னல் கதவிலுமாக.

"ஏங்க, நாலெழுத்து படிச்சவிய நீங்க. தொறக்கவா, அடைக்கவா?"

அடுப்பைப் பார்த்தேன், பின்சுவரைப் பார்த்தேன். அவள் கதவை அடைக்கவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை.