இரண்டாம் கூடத்துக்குப் போகும் கம்பி

நாள் 61, 07:20. பணிமனை

எழுதுவது மரகதவல்லி, மின்பராமரிப்பு. நிலாவின் தென்முனைப் பள்ளம். இரண்டு கூடம், இரண்டே ஆள். இன்னொரு ஆள் திருமூர்த்தி, கணினி சொன்னபடி கடையும் சி.என்.சி. லேத்தை ஓட்டுபவன். இருவரும் கோயம்புத்தூரில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள்.

லேத்தின் டிரைவ் பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுப்பது இந்தப் பெட்டிதான். உள்ளே 560 வோல்ட், ஆடாமல் நிற்கிறது. திருமூர்த்தி வழக்கம்போல வாயைத் திறக்காமல், லேத்துக்கு மேலிருக்கும் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக் கூப்பிட்டான். பட்டறை இரைச்சலில் எலெக்ட்ரீசியனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இங்கே இரைச்சலும் கிடையாது, நானும் பத்தடியில் நிற்கிறேன், வாயை என்ன வாடகைக்கா விட்டிருக்கிறாய் என்று திட்டினேன். சிரித்துக்கொண்டே சரக்கு எடுக்க இரண்டாம் கூடத்துக்குப் போனான்.

பழுது எதுவும் இல்லை.

நாள் 61, 11:40

பள்ளத்தின் விளிம்பு சரிந்து இறங்கிவிட்டது. இரண்டாம் கூடம் கல்லுக்கடியில். விளிம்பில் இருந்த சூரியத்தகடுகளில் பாதி நொறுங்கிவிட்டது. திருமூர்த்தியின் கடைசிப் பேச்சு ஒலிப்பதிவில் இருக்கிறது:

"அக்கா, கூரை என்னமோ சத்தம் போடுதுங்க. பயப்படாதீங்க, நான் உள்கதவச் சாத்திட்டு இருந்துக்கறேன். நீங்க இந்தப் பக்கம் வந்துறாதீ..."

நடைவழி முழுக்கக் கல். தோண்டும் இயந்திரம் பூமியிலிருந்து வரும் அடுத்த கப்பலில்தான் இருக்கிறது. இன்னும் ஆறு நாள். கையால் தோண்டிப் பார்த்தேன். கையுறை கிழியும் நிலைக்கு வந்ததும் நிறுத்தினேன்.

நாள் 62, 09:00

மேலே சுற்றும் தொடர்புக் கப்பலிலிருந்து ஜெசிந்தா பேசினாள். எங்களைக் கண்காணிக்கும் அதிகாரி அவள்.

"மரகதக்கா, ரெண்டாம் கூடத்து அழுத்தமானி நேத்துல இருந்து பூஜ்யம் காட்டுது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தாச்சு. இனிமே... அவர் இல்லன்னு பதிவு பண்ணச் சொல்லிட்டாங்க. நீங்க உங்களப் பாத்துக்கங்க."

சரி என்றேன். உள்ளே போய் ஓவென்று அழுதேன். பிறகு பார்த்தால் காற்றைச் சுத்தம் செய்யும் விசிறி நின்றுகிடக்கிறது. சரிவின் அதிர்வில் கப்ளிங் இரண்டாகப் பிளந்துவிட்டது. மோட்டாரையும் விசிறியையும் இணைக்கும் துண்டு அது. மாற்றுத் துண்டு கிடையாது, லேத்தில் கடைந்தால்தான் உண்டு. அதுவரை நான் விடும் மூச்சே எனக்கு விஷம். கையில் இருக்கும் வடிகட்டிகள் நாளை வரை தாங்கும்.

நாள் 62, 13:30

கப்ளிங்குக்கு திருமூர்த்தி எழுதி வைத்த புரோகிராம் மெஷினிலேயே இருக்கிறது. உலோகத் துண்டை மாட்டி ஓட்டினேன். மோட்டார் வேகம் எடுத்தது, உளி தொட்டது, நின்றது. அலாரம்: மின்னழுத்தம் குறைவு. ரீசெட். மறுபடி ஓட்டினேன். மறுபடி அதே.

எங்கள் ஊர்ப் பட்டறையில் கரண்ட் ஆடினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ரீசெட்டை அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்போம். அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வலிக்கிறது. மூன்று துண்டு பாழ். இன்னும் இரண்டுதான் மிச்சம். தலை லேசாக வலிக்க ஆரம்பித்திருக்கிறது, தூக்கக் குறைவால் என்று சொல்லிக்கொள்கிறேன்.

நாள் 62, 17:10

டிரைவுக்குள் வரும் மூன்று பேஸ் மின்சாரமும் சரி. முனைகளை இறுக்கினேன். கெப்பாசிட்டர் உப்பவில்லை, கசியவில்லை. மோட்டார் கம்பியில் ஷார்ட் இல்லை. மெஷின் சும்மா நிற்கும்போது 540 காட்டுகிறது. சூரியத்தகடு பாதி போனதற்கு அது பரவாயில்லை. திடீரென்று 410க்கு விழுகிறது, உடனே எழுகிறது. மெஷின் ஓடாதபோதும் விழுகிறது! அப்படியானால் விழவைப்பது மெஷின் இல்லை. வேறு எது?

நாள் 62, 19:45

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. தலையைப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். லேத் மேலிருக்கும் விளக்கு மங்கியது. தெளிந்தது. மங்கியது. தெளிந்தது. கொஞ்சம் விட்டு, இன்னொரு தடவை. செத்தவன் வந்து விளக்கோடு விளையாடுகிறான் என்று நினைத்து அலறிவிட்டேன். இருபது வருஷம் எலெக்ட்ரீசியனாக இருந்தவள் பேய்க்குப் பயப்படுகிறேன். கெட்ட காற்று மூளையைக் குழப்பும் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள்.

விளக்கைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மீட்டரை மட்டும் பார்க்கிறேன்.

நாள் 63, 06:15

லேத்தின் இரண்டு அச்சு மோட்டார்களின் டிரைவ்களையும் இடம் மாற்றிப் போட்டேன். பழுது டிரைவோடு போகவில்லை. ஆகவே டிரைவ் நல்ல டிரைவ், வரும் மின்சாரம்தான் கெட்டது. முதன்மைப் பலகையில் ஒவ்வொரு கம்பியாகக் கவ்வி மீட்டரை மாட்டிப் பார்த்தேன். எல்லாம் சாதாரணம். கடைசிக் கம்பியில் ஊசி துள்ளுகிறது.

இரண்டாம் கூடத்துக்குத் தரைக்கடியில் போகும் கம்பி அது. இடிந்துபோன கூடம் ஏன் கரண்ட் இழுக்கிறது? நசுங்கிய வயர் எங்கோ உரசி உரசி ஷார்ட் ஆகிறது. வேறு காரணம் இருக்க முடியாது. ஜெசிந்தாவிடம் சொன்னேன்.

"அதேதான்க்கா. அங்க காப்பாத்துறதுக்கு இனி எதுவும் இல்ல. அந்த பிரேக்கர எறக்கிவிட்டுட்டு மொதல்ல கப்ளிங்கக் கடைங்க. உங்க காத்து அளவு எங்களுக்கே பயமா இருக்கு."

இறக்கிவிட்டேன். அந்தக் கம்பிக்குப் போகும் கரண்ட் நின்றது. அவனுடைய கூடத்தை இருட்டாக்குகிறேன் என்ற நினைப்புதான் எனக்கு. மன்னிச்சுக்கடா தம்பி.

நாள் 63, 08:50

548 வோல்ட். பாறை மாதிரி நிற்கிறது. அலாரம் இல்லை. துண்டு அழகாகக் கடைந்து வந்தது. கப்ளிங் மாட்டியாயிற்று, விசிறி ஓடுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தரையில் படுத்துவிட்டேன். பிழைத்துவிட்டேன், பிழைத்துவிட்டேன் என்று வாய் விட்டுச் சொன்னேன்.

நாள் 63, 18:20

நன்றாகத் தூங்கினேன். தலைவலி போய்விட்டது. ஒரு துண்டு மிச்சமிருந்ததால் மாற்றுக்கு இன்னொரு கப்ளிங்கும் கடைந்தேன். எடுத்துப் பார்த்தால் பளபளவென்று இருக்கிறது, அவன் புரோகிராம் அல்லவா. நல்ல துண்டு வந்தால் கூட இருப்பவனைக் கூப்பிட்டுக் காட்டுவது பட்டறைப் பழக்கம். என்னை அறியாமல் கை விளக்கு சுவிட்சுக்குப் போயிற்று. அணைத்துப் போட்டேன், அணைத்துப் போட்டேன். கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை.

இரண்டு. விட்டு, ஒன்று.

கை சுவிட்சிலேயே ஒட்டிக்கொண்டது.

நாள் 63, 18:31

பிரேக்கரைத் தூக்கிவிட்டேன்.

அது ஷார்ட் இல்லை. ஷார்ட்டுக்கு எண்ணத் தெரியாது. அங்கே கரண்டை நிறைய இழுப்பது ஒன்றே ஒன்று, சுவர் ஹீட்டர். ரேடியோ ஆண்டெனா கூரையில் இருந்தது. அழுத்தமானியின் கம்பியும் கூரையில்தான் ஓடியது. நசுங்கியது கூரை. உள்கதவைச் சாத்திக்கொள்கிறேன் என்று அவனே சொன்னானே! அந்த உள்ளறையில் தனிக் காற்றுத்தொட்டி இருக்கிறது. எனக்கும் அவனுக்கும் நடுவில் மிச்சமிருந்தது இந்த ஒரு கம்பிதான். அக்கா எலெக்ட்ரீசியன், வோல்டேஜ் விழுந்தால் பார்க்காமல் இருக்கமாட்டாள் என்று நம்பி, அந்தக் குளிரில் தன் ஹீட்டரையே அணைத்துவைத்து, விட்டு விட்டுப் போட்டுக் கூப்பிட்டிருக்கிறான்.

நான் ரீசெட் அழுத்திக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. பள்ளத்தில் நிழல். குளிர் எவ்வளவு என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை.

நாள் 63, 18:50

தொடர்புக் கப்பலுக்குச் சொன்னேன். ஜெசிந்தா கேட்டாள்:

"அக்கா... தோண்டுற மெஷின் வர்ற கப்பல வேகப்படுத்தச் சொல்றேன். இப்ப அங்க இருந்து ஏதாச்சும் வருதா? அக்கா? ஏதாச்சும் வருதான்னு சொல்லுங்க."

வருகிறது. பிரேக்கரைத் தூக்கியதுமே மீட்டர் விழுந்தது. 410. விளக்கும் மங்கியது. சந்தோஷத்தில் கத்தினேன். தெளியும் என்று காத்திருந்தேன்.

தெளியவில்லை.

ஹீட்டர் போட்டபடியே இருக்கிறது. நான் கரண்டை அறுத்தபோது சுவிட்ச் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அணைக்க ஒரு கை வேண்டும்.

நாள் 63, 20:15

410இல் விசிறியின் டிரைவும் அடிக்கடி நின்றுவிடுகிறது. அதே அலாரம். பிரேக்கரை இறக்கினால் எனக்குக் காற்று ஒழுங்காக வரும். இறக்கமாட்டேன். அறை சூடாகட்டும். விறைத்துப்போயிருப்பான், அவ்வளவுதான், சூடு ஏறினால் விரல் அசையும். ஜெசிந்தா இறக்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள். ரேடியோவை அணைத்துவிட்டேன்.

விசிறி டிரைவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நிற்கும்போதெல்லாம் ரீசெட். ஓடும். நிற்கும். ரீசெட். கண் மட்டும் விளக்கில்.

நாள் 63, நேரம் பார்க்கவில்லை

திருமூர்த்தி, பாத்துட்டேன்டா. கூப்பிட்டதைப் பாத்துட்டேன். ஒரே ஒரு தடவை அணைச்சுப் போடு. இரண்டும் ஒன்றும் வேண்டாம். ஒன்று போதும்.

இதைக் கண்டெடுப்பவர்களுக்கு: வலதுபக்கக் கடைசி பிரேக்கரை யாரும் இறக்காதீர்கள். நான் எப்படிக் கிடந்தாலும் முதலில் இரண்டாம் கூடத்தைத் தோண்டுங்கள்.

அண்ணாந்து பார்த்தபடியே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். விசிறி நின்றுவிட்டது. ரீசெட். விளக்கு மங்கலாகத்தான் இருக்கிறது.

ரீசெட்.

இன்னும் மங்கல்தான்.

ரீசெ