ரோசக்காரன் பங்கு

ரேணிகுண்டா,
6-2-2000

அன்புத் தங்கை தேன்மொழிக்கு,

ரேணிகுண்டா லேத் பட்டறையிலிருந்து உன் அண்ணன் அண்ணாதுரை எழுதுவது. உன் அண்ணி கல்பனா, மகள் தரணி, ஊரில் அம்மா எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. பனியில் மூக்கு சிவந்து, இரண்டு கம்பளிச் சட்டைக்குள் மூட்டை மாதிரி நிற்கிற போட்டோவே சொல்லிவிட்டது. டீச்சரம்மா, தயவுசெய்து இந்தக் கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தாதே. நான் ஆறாம் கிளாசோடு நின்றவன். மீதியெல்லாம் மெட்ராஸ் ரயிலில் வந்து இறங்குகிற பேப்பரைப் படித்துக் கற்றதுதான்.

அந்த போட்டோ என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஸ்டேஷன் டீக்கடையில் அதைப் பார்க்காதவன் பாக்கி இல்லை. என்னோடு லேத் ஓட்டுகிற முனிகிருஷ்ணன் போன மாதம், "இன்னாப்பா, தங்கச்சி குவைத்துக்குப் போய்க்கீதாமே, யார் வூட்ல வேலை?" என்று கேட்டான். வந்ததே எனக்குக் கோபம்! குவைத்துக்குப் போகிறவர்களும் பாவம், உழைக்கத்தான் போகிறார்கள். ஆனால் இந்தப் பக்கம் ஒரு பொம்பளை ப்ளேன் ஏறினாலே பாத்திரம் தேய்க்கத்தான் என்று முடிவு கட்டிவிடுகிறான்கள். "டேய், எந்த ஏஜென்டும் அனுப்பல. ஜப்பான் கவர்மென்டே டிக்கெட் போட்டுக் கூப்ட்டுக்கினு போயிருக்கு. அவன் ஊரு பள்ளிக்கூடம் எப்படி நடக்குதுன்னு ஒன்றரை வருஷம் கூட இருந்து படிக்கிறா. டீச்சர்டா அவ!" என்று போட்டேன் ஒரு போடு. பட்டறையே மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தது. கொஞ்சம் அதிகமாகத்தான் கத்திவிட்டேன். இருந்தால் என்ன, எனக்கு அதில் வெட்கமே இல்லை.

சித்தூர் ஜில்லாப் பேப்பரில் உன்னைப் பற்றி நாலு வரி வந்திருக்கிறது. தெலுங்கில் 'ழ' ஏது? அதனால் நீ 'தேன்மொளி' ஆகிவிட்டாய். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பேரைத் தப்பாகப் போட்ட பாவிக்கு மூன்று நாள் வசவு விழுந்தது. ஆனால் அந்தத் துண்டை மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். கடலைக்காட்டில் களையெடுக்கப் போகும்போதும் அது கூடவே போகிறது. "அங்க பச்ச மீனத் துன்றாங்களாமே, எம்பொண்ணு இன்னாத்தத் துன்னும்?" என்பது மட்டும்தான் அவள் கவலை. அதற்கு ஒரு பதில் எழுதிப் போடு, இல்லாவிட்டால் என்னை விடமாட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதம் போன சனிக்கிழமை வந்தது. நீ வியாழக்கிழமைதோறும் போகிற சின்னப் பள்ளிக்கூடத்தில், மத்தியானச் சாப்பாடு ஆனதும் எல்லாப் பிள்ளைகளும் தலையில் துணி கட்டிக்கொண்டு பெருக்கித் துடைக்கிறார்கள், ஹெட்மாஸ்டரே முழங்கால் போட்டுத் தரை துடைக்கிறார் என்று எழுதியிருந்தாய். முதலில் சிரித்தேன். அடுத்த வரியில் சிரிப்பு போய்விட்டது. ஒரு சின்னப் பெண் வந்து வணக்கம் வைத்து உன்னிடமும் ஈரத்துணியை நீட்டினாளாம். அதை வாங்க உனக்குக் கை வரவில்லையாம். மணிக்கட்டு வலி என்று பொய் சொல்லிவிட்டுக் கக்கூஸில் போய் அழுதாயாம். மூன்று வியாழனாக அதே பொய். உன் புரொபசரோ இந்தத் துப்புரவு வேளையைப் பற்றியே ரிப்போர்ட் எழுதச் சொல்கிறார். கணக்குப் பாடத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று மாற்றிக்கொள்ளட்டுமா, உனக்குத்தான் அண்ணா இது புரியும், நீயே சொல் என்று கேட்டிருந்தாய்.

அதோடு விட்டாயா? கடைசியில் ஒரு வரி. நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடின மறுநாளிலிருந்து என் பங்கையும் நீதான் பெருக்கினாய் என்று. இருபத்து நாலு வருஷமாக இதை ஏன் சொல்லவில்லை, பாவி? டீக்கடையில் உட்கார்ந்துதான் படித்தேன், டீ ஆறிப்போயிற்று. நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதுவிட்டேன்.

நான் எதையும் மறக்கவில்லை. நம் காலனிப் பிள்ளைகள் மட்டும் எட்டு மணிக்கே போய்ப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைப்போம். ஊருக்குள்ளிருந்து வருகிற பிள்ளைகள் மணி அடித்த பிறகு வந்து உட்காருவார்கள். அன்றைக்கு ஆறாம் கிளாஸ் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது, மூலையில் குப்பை கிடக்கிறது என்று நம் வாத்தியார் அய்யவாரு எல்லோர் எதிரிலும் என் கையில் துடைப்பத்தைத் திணித்தார். நான் அதைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு அந்த வாசலை மிதிக்கவே இல்லை. காலனியே என்னை ரோசக்காரன் என்றது. எனக்கும் அந்தப் பட்டம் பிடித்துப்போயிற்று. தினமும் காலையில் நீ பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, "ரோசம் கெட்ட கழுத, போ, போய்ப் பெருக்கு" என்பேன். எட்டு வயசுப் பெண்ணைப் பார்த்து! நீ ஒரு நாளும் திருப்பிப் பேசினதில்லை. பேசியிருந்தாலும் அந்த வயசில் என் மண்டையில் எங்கே ஏறியிருக்கும்.

மனசு கேட்கவில்லை. அம்மாவைப் பார்க்க என்று கல்பனாவிடம் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை சாயங்காலம் காளஹஸ்தி போய் வரதய்யபாளையம் பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நம் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றேன். ஓடிப்போன நாளிலிருந்து எந்தப் பள்ளிக்கூடத்து வாசலையும் நான் மிதித்ததில்லை. தரணியை ரேணிகுண்டா பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்றைக்குக்கூட, நான் ரோட்டில் நின்றுகொண்டு கல்பனாவைத்தான் உள்ளே அனுப்பினேன், உனக்கே தெரியும். எட்டிப் பார்த்தால் உள்ளே நாலு பிள்ளைகள் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். நாலும் நம் காலனி. பக்கத்து வீட்டு அப்பாவுவின் பேத்தி அதில் ஒருத்தி.

புதுசாக வந்திருக்கிற சார் சின்ன வயசுக்காரர், நல்லவராகத்தான் தெரிந்தார். ஏன் சார் இவங்க மட்டும் என்று கேட்டேன். "இவங்கதாங்க சீக்கிரம் வந்துட்றாங்க" என்றார். சீக்கிரம் வரச் சொன்னது யார் என்று கேட்டேன். அவர் வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தானாம்.

கை துறுதுறுத்தது, தேன்மொழி. கிணறும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் நான் இன்றைக்குத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தால் நாளைக்கு எந்தப் பெண் இரண்டு பங்கு பெருக்குவாளோ என்று அப்போது தோன்றியது. அப்பாவு பேத்தியிடமிருந்து துடைப்பத்தை வாங்கினேன். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஆறாம் கிளாஸ் அறையை மூலை விடாமல் பெருக்கினேன். "வேணாங்க, வேணாங்க" என்று பின்னாலேயே வந்த சார், என்ன செய்வதென்று தெரியாமல் பெஞ்சைத் தூக்கி நகர்த்திக் கொடுத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது, அது வேறு கதை.

மணி அடித்து மற்ற பிள்ளைகளும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் காதில் விழும்படியாகவே சாரிடம் சொன்னேன். ஜப்பானில் ஹெட்மாஸ்டர் முதல் எல்லோரும் முறை போட்டுப் பெருக்குகிறார்கள், அதைக் கண்ணால் பார்த்து எழுதினவள் என் தங்கச்சி, இந்த அறையைப் பெருக்கி இங்கேயே படித்தவள் என்றேன். இனி முறைப் பட்டியல் எழுதி ஒட்டுவதாகச் சார் சொன்னார். ஒட்டுவாரோ மாட்டாரோ. ஊருக்குள்ளிருந்து யாராவது சண்டைக்கு வந்தால் அந்த மனுஷன் தனியாக என்ன செய்வார்? உன் ரிப்போர்ட்டை நம் ஜில்லாக் கல்வி ஆபீசிலும் கொடுக்க வேண்டும் என்றாயே, அது வந்தால் அவருக்கும் பேச ஒரு பிடி கிடைக்கும்.

அதனால் கணக்குப் பாடமெல்லாம் வேண்டாம். புரொபசர் சொன்னதையே எழுது. அங்கே நடப்பதையும் எழுது, இங்கே நமக்கு நடந்ததையும் எழுது. என் பேரைப் போட்டாலும் சரி. உன்னை ரோசம் கெட்டவள் என்ற இந்த வாயாலேயே சொல்கிறேன், நம் வீட்டில் ரோசக்காரி நீதான். நான் ஒரே ஒரு நாள் கோபப்பட்டுவிட்டு ஓடிப்போனேன். நீ ஐந்து வருஷம் இரண்டு பங்கு பெருக்கிப் படித்து டீச்சராகி, இன்றைக்கு ஜப்பான்காரன் பள்ளிக்கூடத்தையே எடைபோடப் போயிருக்கிறாய். என்னை மன்னித்துவிடு. எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன், அந்த வரியை அடித்துவிடமாட்டேன்.

இது உன் கைக்கு வருவதற்குள் இன்னொரு வியாழன் போயிருக்கும். அடுத்த முறை அந்தப் பெண் துணியை நீட்டினால் வாங்கிக்கொள், அம்மா. அவள் உன் தெருவைக் கேட்டுக்கொண்டு வந்து அதை நீட்டவில்லை. அழுகை வந்தால் வரட்டும், துடைத்துக்கொண்டே அழு. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். உன் பங்கை மட்டும் துடை, தேன்மொழி. இனிமேல் யார் பங்கும் உன் தலையில் இல்லை.

இப்படிக்கு,
உன்னால் தலை நிமிர்ந்து நடக்கும் அண்ணன்,
அண்ணாதுரை