புத்தகத்தில் ஏறாத தீர்மானம்

1958 ஜனவரி 11, சனி

ஐந்து மணிக்குக் கூட்டம். நான் நாலரைக்கே போய் நாற்காலி போட்டேன். பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையில் இன்று பதினேழு பேர். எங்கள் சிங்கப்பூர்த் தமிழர் விஞ்ஞானக் கழகத்தில் வானவியல் பிரிவுக்கு ஐந்து பேர் சேர்ந்தால் அதிசயம். பூச்சியியல் பிரிவுக்கு மட்டும் ஏன் கூட்டம்? மாதா மாதம் ஆளுக்கொரு தபால் அட்டை எழுதிப் போடுகிறவன் யார்? ஆறு வருஷமாகக் காரியதரிசி நான்தான். யாரும் கேட்பதில்லை.

தலைவர் டாக்டர் அப்துல் காதர் இன்று அறிவித்துவிட்டார். இந்த வருஷத்தோடு விலகுகிறாராம். அடுத்த ஜனவரியில் புதுத் தலைவர். சொல்லும்போது என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் ஏழாம் விதி குறுக்கே நிற்கிறது. பட்டம் வாங்கிய முழு அங்கத்தினர்தான் தலைவராகலாம். நான் துணை அங்கத்தினன். இருபத்திரண்டு வருஷம் நகரசபைக் கொசு ஒழிப்பு வேலையில் இந்த ஊர்ச் சாக்கடை அத்தனையிலும் இறங்கி எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். அதற்கு யாரும் பட்டம் கொடுப்பதில்லை. விதியை மாற்றலாம்தான். அதை நானே எழுந்து கேட்க முடியுமா? யாராவது கேட்க வேண்டும்.

புதிதாக ஒருவன் சேர்ந்தான். பரமசிவம், பி.எஸ்ஸி. காத்தோங்கில் வீடு. வெஸ்பாவில் வந்தான்.

பிப்ரவரி 8

பரமசிவத்துக்கு டாக்டர் தம் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். வந்து இரண்டாவது கூட்டம்தான். எனக்கு அந்த நாற்காலி கிடைக்க மூன்று வருஷம் ஆயிற்று.

மார்ச் 2, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்ததும் பரமசிவத்தைப் பாசிர் ரிஸுக்குக் கூட்டிப்போனேன். அவன்தான் கெஞ்சினான். “அண்ணே, உப்புத் தண்ணியில முட்ட போடுற அனாபிலிஸ நான் புத்தகத்துலதான் பாத்திருக்கேன். நீங்க காட்டுங்கண்ணே.” காட்டினேன். கடலோரம், தென்னந்தோப்புக்குப் பின்னால் நான் 1949 முதல் கணக்கில் வைத்திருக்கும் குட்டை. குனிந்து ஒரு கரண்டி அள்ளினால் இருபது புழு. அனாபிலிஸ் புழு தண்ணீர் மட்டத்தோடு படுத்துக் கிடக்கும், மற்ற கொசுப்புழு தலைகீழாகத் தொங்கும். அவன் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏன் பொய் எழுத வேண்டும்?

ஏப்ரல் 12

ஏமாந்துவிட்டேன். பாசிர் ரிஸ் குட்டையைப் பற்றி அவன் இன்று கட்டுரை வாசித்தான். படம், அட்டவணை, எல்லாம். கைதட்டல். கடைசியில் ஒரு வரி: “இடத்தைக் காட்டிய காரியதரிசி இஞ்ஞாசி அவர்களுக்கு நன்றி.” இடத்தைக் காட்டியவன்! டாக்சிக்காரனுக்குச் சொல்லும் நன்றி. ஒன்பது வருஷத்துக் குட்டை என்னுடையது. அந்த மனுஷன் அதில் ஒரு காலைத்தான் நனைத்தான்.

டாக்டர் அவன் முதுகில் தட்டினார்.

ஏப்ரல் 13

அந்தோனியம்மாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: “என்னங்க, அந்தப் பையன் நம்ம வீட்ல குடியிருக்கானா? காலையிலேருந்து அவன் பேச்சுத்தான்.” இரண்டாவது முறை சோறு கேட்கத் தோன்றவில்லை.

மே 10

இன்று ஒரு காரியம் செய்தேன். யாரிடமும் சொல்ல மாட்டேன், இங்கே எழுதி வைக்கிறேன்.

கடைசியில், “வேறு விஷயங்கள்” என்று வந்ததும் பரமசிவம் எழுந்தான். வாயைத் திறந்தால் இருபது நிமிஷம் மூடமாட்டான் என்று தெரியும். நான் பேனாவை மூடி மேசையில் வைத்தேன். இவன் பேச்சை என் கை எழுதாது என்று தீர்மானம் பண்ணிவிட்டேன். காதையும் சாத்திக்கொண்டேன். எதிரே கண்ணாடிப் பெட்டியில் குத்திவைத்த வண்டுகளைப் பெரியதிலிருந்து சிறியதாக எண்ணினேன். அறுபத்து மூன்று. நடுவே ‘விதி’, ‘நியாயம்’ என்று என்னவோ விழுந்தது. ரஷீதா டீச்சர் (அவரும் துணை அங்கத்தினர்தான்) எழுந்து ஏதோ ஆமோதித்தார். டாக்டர் ஏதோ கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன்.

மினிட்ஸ் என்கிற கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: “திரு. பரமசிவமும் பேசினார்.”

அந்த ‘உம்’மைப் போட்டபோது வந்த திருப்தி!

ஜூன் 14

மே மாத மினிட்ஸை வாசித்தேன். பரமசிவம் இல்லை, தங்கை கல்யாணத்துக்குப் பினாங்கு போயிருக்கிறான். ரஷீதா டீச்சரும் வரவில்லை, பள்ளியில் பரீட்சையாம். மற்றவர்கள் மினிட்ஸ் வாசிக்கும்போது காப்பியைக் கலக்குவார்கள். டாக்டர் வழக்கம்போலப் பக்கத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். “இஞ்ஞாசி எழுதினா அதுல பாக்க என்ன இருக்கு?”

வீடு வரும்வரை அந்த வார்த்தை கூடவே வந்தது. பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் உறுத்தியது.

ஆகஸ்ட் 9

கூட்டத்துக்கு முன்னால் சிராங்கூன் ரோடு காப்பிக் கடையில் அவனும் ரஷீதா டீச்சரும் இன்னும் மூன்று பேரும் தலையைச் சேர்த்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது. அவன் எழுந்து எனக்கு நாற்காலி போட்டான். “வாங்கண்ணே, உட்காருங்க. இங்க பட்டர் பன் நல்லா இருக்கும் லா.”

புரியாதா எனக்கு? தலைவர் பதவிக்கு ஆள் பிடிக்கிறான். வந்து எட்டு மாதம் ஆகவில்லை.

ஆகஸ்ட் 15, மாதா திருநாள்

லூர்து மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொறாமை என்று சொன்னேன். சாமியார், அதனால் யாருக்காவது தீங்கு செய்தாயா என்று கேட்டார். இல்லை, சாமி என்றேன். ஒரு வரி குறைத்து எழுதியது தீங்கா என்ன?

நவம்பர் 16, ஞாயிறு

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் பரமசிவம் எங்கள் நாரிஸ் ரோடு வீட்டுக்கே வந்துவிட்டான். கையில் நியமன மனு. தலைவர் பதவிக்கு நவம்பர் கடைசிக்குள் மனுக்கள் காரியதரிசியிடம் வந்து சேர வேண்டும். தன் பெயரைப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அந்தோனியம்மாளிடம் காப்பி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். பிரித்துப் பார்த்தால்: தலைவர் பதவிக்கு எஸ். இஞ்ஞாசி. முன்மொழிபவர் பரமசிவம். வழிமொழிபவர் ரஷீதா.

“என்ன தம்பி இது? நான் துணை அங்கத்தினன். ஏழாம் விதி...”

“அதத்தான் மே மாசமே மாத்திட்டோமேண்ணே. துணை அங்கத்தினரும் தலைவராகலாம்னு. நான்தானே கொண்டுவந்தேன், டீச்சர் ஆமோதிச்சாங்க, யாரும் மறுக்கல. நீங்க அங்கதானே இருந்தீங்க, மினிட்ஸ்ல எழுதியிருப்பீங்களே.”

எழுதியிருப்பீங்களே.

காப்பிக் கடையில் அவர்கள் பேசியதும் இதுதானாம். எனக்கு ஓட்டுச் சேர்த்தார்களாம். நான் கூச்சப்பட்டு மறுத்துவிடுவேன் என்று சொல்லாமல் வைத்திருந்தானாம்.

அவன் போன பிறகு அந்தோனியம்மாள், “நல்ல பையனாத்தானே இருக்கான்” என்றாள். போய் வேலையைப் பார் என்றேன்.

நவம்பர் 18

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “திரு. பரமசிவமும் பேசினார்” என்ற வரிக்கும் டாக்டர் கையெழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருக்கிறது. தீர்மானத்தை ஒரே வரியில் அங்கே நுழைத்துவிடலாம். என் பேனா, என் எழுத்து, அதே மை. யார் கேட்கப் போகிறார்கள்? பேனாவைத் திறந்தேன்.

முடியவில்லை. உத்தமன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பயம்தான்.

அதைவிட மோசம் ஒன்று. இப்போதும் அவன்மேல் எனக்குப் பொறாமைதான். முன்பு அவன் படிப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், நாற்காலியைப் பார்த்து, வெஸ்பாவைப் பார்த்து. இப்போது அவன் மனசைப் பார்த்து. அவன் ஒரு அயோக்கியனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

டிசம்பர் 13

மனுக்களைப் பரிசீலித்தார்கள். இரண்டுதான். என் பெயரில் ஒன்று. டாக்டரே முன்மொழிந்த பரமசிவம் இன்னொன்று. அவன் வேண்டாம் என்றிருக்கிறான், போட்டி இருந்தால்தான் தேர்தல் என்று சொல்லி டாக்டர் விடவில்லையாம்.

என் மனு வந்ததும் டாக்டர் மே மாதப் பக்கத்தைப் புரட்டினார். ஒருமுறை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“எனக்கும் ஞாபகம் இருக்கிற மாதிரிதான் இருக்கு. ஆனா தீர்மானம் எதுவும் இதுல ஏறலியே. புத்தகத்துல இல்லாததுக்கு நான் என்ன பண்ண முடியும்? நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். இஞ்ஞாசி?”

பதினெட்டு பேர் என்னைப் பார்த்தார்கள். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

பரமசிவம் எழுந்தான். “தப்பு என் பேர்லதான் டாக்டர். வளவளன்னு பேசினேனே தவிர, தீர்மானமா முறைப்படி சொல்லாம விட்டுட்டேன். அண்ணன் எப்படி எழுதுவாங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். இருபது நிமிஷம் பேசி விஷயத்துக்கு வராதவன் என்று யாரோ கேலி செய்தார்கள். ரஷீதா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. என் மனு தள்ளுபடி ஆயிற்று.

அவன் சொன்னதை அப்படியே மினிட்ஸில் எழுதினேன். இந்த முறை ஒரு சொல் விடவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்மஸ் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு காத்தோங் போனேன். அந்தோனியம்மாள்தான் தள்ளிவிட்டாள். அவன் அம்மா பாக்கியலட்சுமி அம்மாள் தட்டை வாங்கி, “இவனுக்கு வாய் நீளம்னு வெளியிலயும் தெரிஞ்சிடுச்சாமே” என்று சிரித்தார்கள். அந்தக் கேலி அந்த வீடு வரைக்கும் போயிருக்கிறது.

வாசலுக்கு வந்து வழியனுப்பும்போது கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

“நீங்க அன்னிக்குப் பேனாவ மூடி வச்சதப் பாத்தேண்ணே. கை வலிக்குது போல, அப்புறம் எழுதுவீங்கன்னு நெனச்சேன். இல்லன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. என்மேல என்ன கோபம்னு இன்னமும் தெரியல.” வாசல் கேட்டைத் திறந்துவிட்டான். “ஆறு வருஷப் புத்தகம். ஒரு பக்கம் பொய்னு ஆயிட்டா மத்த பக்கத்த யாரு நம்புவா? அதான்.”

பஸ்ஸில் வரும்போது இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

1959 ஜனவரி 10, சனி

வருடாந்தரக் கூட்டம்.

டிசம்பர் மினிட்ஸை நானே வாசித்தேன். “தாம் தீர்மானத்தை முறைப்படி முன்வைக்கத் தவறியதாகத் திரு. பரமசிவம் ஒப்புக்கொண்டார்.” வாசித்து முடித்து உட்காராமல் நின்றேன். டாக்டர், திருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் கை தூக்கினேன். வாசித்தவனே கை தூக்குவதை அவர் பார்த்ததில்லை.

“உண்டு டாக்டர். அவர் முறைப்படிதான் சொன்னார். நான்தான் எழுதல. மறதி இல்ல. வேணும்னே விட்டேன்.”

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பின்வரிசையில் ஒருவர், “இப்படி எத்தன விட்டாரோ” என்றார். பரமசிவம் சொன்னது நடந்தது. அவன் தலை குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் மே மாதப் பக்கத்தைப் புரட்டினார். பிறகு சொன்னார்: “அப்படின்னா மே மாசத் தீர்மானம் செல்லும். உங்க மனுவும் செல்லும், இஞ்ஞாசி. இன்னிக்கே ஓட்டுக்கு விடலாம்.”

வருஷமெல்லாம் ஏங்கினது எதிரே வந்து நிற்கிறது. எனக்கு ஆசையில்லை என்று சொன்னால் இந்தக் காகிதமே என்னைப் பார்த்துச் சிரிக்கும். மனுவை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். காரியதரிசி வேலையையும் விட்டேன். பரமசிவம் போட்டியின்றித் தலைவரானான். வேறு யாரும் பேனா எடுக்காததால் அத்தனையையும் நானேதான் எழுதினேன். “காரியதரிசி வேண்டுமென்றே விட்டுவிட்டதாகக் கூறினார்” என்பது வரை.

வெளியே வரும்போது அவன், “ஏண்ணே சொன்னீங்க, நான்தான் சொல்லிட்டேனே” என்றான். குரலில் கோபம் இருந்தது. இத்தனை நாளில் முதல் தடவை.

ஜனவரி 11

வீட்டில் விஷயம் சொன்னேன். அந்தோனியம்மாள், “அப்ப சனிக்கிழம சாயங்காலம் வீட்ல இருப்பீங்களா?” என்றாள்.

பிப்ரவரி 14

போனேன். மூன்றாவது வரிசை. கையில் எழுத ஒன்றுமில்லாமல் இரண்டு மணி நேரம் எப்படி உட்காருவது?

1961 ஜனவரி 14, சனி

பரமசிவத்தின் இரண்டு வருஷம் முடிந்தது. அடுத்த தலைவர் ரஷீதா டீச்சர். பட்டமில்லாத ஒருவர் தலைவராவது இந்தப் பிரிவில் இதுதான் முதல் தடவை. ஏழாம் விதி மாறியதன் பலன் என்று பரமசிவம் பேசினான். மாற்றம் எப்படி நடந்தது என்று சொல்லவில்லை, புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கவும் இல்லை.

டீச்சருக்கு வண்ணத்துப்பூச்சி தெரியும். கொசு என்றால் இன்றைக்கும் என்னிடம்தான் வந்து கேட்பார். அந்த நாற்காலியில் அவர் உட்காரப் போகிறார் என்றதும் வயிறு எரிந்தது. பழைய எரிச்சல், ஒரு பொட்டும் குறையாமல். மூன்று வருஷமாகக் கோயிலுக்குப் போய் என்ன கண்டேன்?

சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்று பரமசிவம் சொன்னான். அறையில் முதலில் எழுந்தது என் கை. எல்லோரும் எண்ணி முடிக்கும்வரை அதை இறக்கவில்லை.